க்விம்பி கையில் ஏழு ஆஸ்கர்

ஃப்ரெட் க்விம்பி. இந்தப் பெயர் தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பேருக்குத் தெரியும் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரும். தொண்ணூறுகளில் கேபிள் இணைப்பு வந்த வீட்டில் வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். டாம் அண்ட் ஜெர்ரி தொடங்கும்போது, மற்றப் பெயர்களெல்லாம் ஓடி முடிந்தபின் கடைசியாக ஒற்றைப் பெயர் வந்து நிற்குமே, அவர்தான். என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் மனப்பாடம். என் மகனுக்கு அப்படித்தான் இருந்தது. இப்போது பேத்திக்கும் அப்படித்தான். "யாரு தாத்தா இந்தக் க்விம்பி?" என்று அவள் கேட்டதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வரை வந்து நிற்கிறேன்.

அவர் எம்ஜிஎம் நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவுக்கு நிர்வாகி. படம் வரைந்தவர் அல்லர், கதை யோசித்தவரும் அல்லர். கூட வேலை பார்த்தவர்கள் சொன்னதை நம்பினால், நகைச்சுவைக்கும் அவருக்கும் அவ்வளவாக ஒட்டுறவு கிடையாது. பூனையையும் எலியையும் உருவாக்கி இயக்கியவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும். 1940 முதல் 1958 வரை அந்த இருவரும் எம்ஜிஎம்முக்குச் செய்து கொடுத்தவை 114 குறும்படங்கள். அவற்றில் 13 படங்கள் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. 7 படங்கள் வென்றன. அந்தக் காலத்து வழக்கப்படி கார்ட்டூன் விருது தயாரிப்பாளருக்கு. ஆகவே ஏழு சிலைகளும் க்விம்பி பெயரில் போயின. மேடைக்கு ஹன்னாவையும் பார்பெராவையும் அவர் கூப்பிட்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழில் ஒன்று இதே விஷயத்தைக் கதையாகவே வைத்திருக்கிறது. 1947 மார்ச்சில் நடந்த விழாவில் விருது வாங்கிய 'தி கேட் கான்செர்ட்டோ'. டாம் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு பெரிய அரங்கில் பியானோ வாசிக்க வருகிறது. லிஸ்ட் எழுதிய ஹங்கேரியன் ராப்ஸடி இரண்டாம் எண். பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரிக்குத் தூக்கம் கெடுகிறது. பிறகு நடப்பது நமக்குத் தெரிந்ததுதான்: விரல்மேல் மூடியைச் சாத்துவது, கட்டைக்கு அடியில் எலிப்பொறியை வைப்பது. ஆனால் டாம் ஒரு சுரத்தையும் விடுவதில்லை. அடிவாங்கிக்கொண்டே, காலாலும் வாசித்து, வேர்த்து விறுவிறுத்து, சட்டை கிழிந்து, முடித்துவிட்டுச் சுருண்டு விழுகிறது. அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. அப்போது ஒளிவட்டம் யார்மேல் விழுகிறது? ஜெர்ரிமேல். அதுவும் எங்கிருந்தோ ஒரு குட்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, குனிந்து நிமிர்ந்து வணக்கம் சொல்கிறது.

அந்தப் படத்துக்கான சிலையைத்தான் க்விம்பி போய் வாங்கினார். திரையில் ஜெர்ரி செய்ததை மேடையில் அவர் செய்தார். ஜெர்ரியாவது கடைசிப் பகுதியைப் பியானோவுக்குள் இருந்த சுத்தியல் கட்டைகளை ஒடித்துத் தட்டியே வாசித்திருந்தது.

முதல் படத்தின் கதை இன்னும் மோசம். 1940இல் வந்த 'புஸ் கெட்ஸ் த பூட்' படத்தில் ஹன்னா, பார்பெரா இருவரின் பெயரும் கிடையாது. ருடால்ஃப் ஐசிங் பெயர் மட்டும் தயாரிப்பாளராக வந்தது. பூனைக்கு அப்போது ஜாஸ்பர் என்று பெயர். க்விம்பிக்கு அந்தப் படம் பெரிதாகப் படவில்லை. பூனையும் எலியும் அடித்துக்கொள்வதில் புதிதாக என்ன இருக்கிறது என்பதுதான் அங்கிருந்த எண்ணம். ஆனால் அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. டெக்சாஸில் திரையரங்குத் தொழிலில் இருந்த பெஸ்ஸா ஷார்ட் என்ற பெண்மணி, அடுத்த பூனை-எலிப் படம் எப்போது என்று கேட்டுக் கடிதம் போட்டார். அதன்பிறகுதான் தொடராக எடுக்க அனுமதி வந்தது. புதுப் பெயர் வைக்க ஸ்டுடியோவுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். டாம், ஜெர்ரி என்ற பெயர்களை எழுதிப்போட்டவர் ஜான் கார் என்ற ஓவியர். பரிசு 50 டாலர். உலகத்தில் பேசத் தெரிந்த குழந்தைகள் பாதிப் பேர் சொல்லும் இரண்டு பெயர்களுக்கு விலை 50 டாலர்.

நான் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மைதானத்துக்குப் போய் எழுதும் நிருபர் வேலை இல்லை, டெஸ்க் வேலை. வருகிற செய்தியைச் சுருக்குவது, தலைப்புப் போடுவது, படத்துக்குக் குறிப்பு எழுதுவது. ஆகவே க்விம்பியைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஹாலிவுட் ஞாபகம் வரவில்லை. மாவட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்கள்தான் ஞாபகம் வந்தன.

அந்தப் படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த ஆட்டம் என்று வித்தியாசமே கிடையாது. நடுவில் நாற்காலி போட்டுத் தாளாளர். அவர் மடியில் கோப்பை. அவருக்கு இந்தப் பக்கம் தலைமையாசிரியர், அந்தப் பக்கம் சிறப்பு விருந்தினர். ஆடியவர்கள் பின்னால் நிற்பார்கள், அல்லது முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், முழங்கால் சிராய்ப்பு தெரிய. ஒரு விளிம்பில், கழுத்தில் விசில் தொங்க, உடற்கல்வி ஆசிரியர். மறு விளிம்பில் மைதானத்துக்குக் கோடு போட்டவரோ, பிள்ளைகளை வேனில் கூட்டிவந்த டிரைவரோ நிற்பார். யாராவது "நீங்களும் வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருப்பார்கள்.

பக்கத்தில் இடம் குறைந்தால் படத்தை எங்கே வெட்டுவார்கள்? விளிம்பில். நடுவில் வெட்ட முடியாதே. இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மூன்று காலம் படத்தை இரண்டு காலத்துக்குள் அடக்கினால் முதலில் போவது விசில்தான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த தலைமை உதவி ஆசிரியருக்கு இது பிடிக்காது. "தலையை எண்ணு, பேரை எண்ணு. ரெண்டும் ஒண்ணா இருந்தா கீழே அனுப்பு" என்பார். விளம்பரம் வந்து இடத்தை அடைத்துக்கொண்ட இரவுகளில், படத்தைச் சுருக்கினாலும் 'படத்தில் இல்லாதவர்: பயிற்சியாளர் இன்னார்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார். மொத்தம் நான்கு சொல். அந்த நான்கு சொல்லுக்காக எழுத்து கோக்கிறவரோடு அவர் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வார்னர் பிரதர்ஸ் பக்கம் போனால் அங்கேயும் ஒரு தாளாளர் இருந்தார். எடி செல்ஸர். பக்ஸ் பன்னி, டாஃபி டக், ரோட் ரன்னர் எல்லாம் பிறந்து வளர்ந்த பிரிவின் தயாரிப்பாளர். பிரெஞ்சு உச்சரிப்பில் காதல் வசனம் பேசும் பெப்பெ லெ ப்யூ என்ற ஸ்கங்க் பாத்திரத்தை இயக்குநர் சக் ஜோன்ஸ் கொண்டுவந்தபோது, இதற்கு யார் சிரிப்பார்கள் என்று செல்ஸர் ஒதுக்கினார் என்று ஜோன்ஸே எழுதியிருக்கிறார். 1949ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் அதே பாத்திரத்தின் படத்துக்குக் கிடைத்தது. போய் வாங்கியவர் செல்ஸர். 1970இல் அவர் இறந்த பிறகுதான் இப்படி அவர் வாங்கியிருந்த சிலைகள் வேலை பார்த்தவர்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ட்வீட்டிக்கும் சில்வெஸ்டருக்கும் குரல் கொடுத்த மெல் பிளாங்க் கைக்கு 'பர்ட்ஸ் அனானிமஸ்' படத்தின் சிலை வந்தது அப்படித்தான்.

மெல் பிளாங்க் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கீகாரம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல மருந்து. சம்பளம் கூட்டிக் கேட்டாராம், கொடுக்கவில்லை. அப்படியானால் படத்தில் என் பெயரைப் போடுங்கள் என்றாராம், போட்டார்கள். அவரே சொன்ன கதை இது. பெயர் திரையில் வந்ததும் வானொலி வாய்ப்புகள் குவிந்தன. கார்ட்டூன் குரல்காரர் ஒருவருக்குப் பெயர் போடுவது அன்றைக்குப் பெரிய விஷயம். ஆனால் அதன் பின்விளைவைப் பாருங்கள். பக்ஸ் பன்னியைத் துப்பாக்கியோடு துரத்தும் எல்மர் ஃபட்டுக்குக் குரல் கொடுத்தவர் பிளாங்க் அல்லர், ஆர்தர் க்யூ. பிரையன். ட்வீட்டியை வளர்க்கும் பாட்டி பாத்திரத்துக்கு ஜூன் ஃபோரே, அதற்கு முன் பியா பெனடெரெட். திரையில் மெல் பிளாங்க் பெயர் மட்டும் வந்ததால் எல்லாக் குரலும் அவருடையது என்றே இரண்டு தலைமுறை நம்பியது. ஒருவருக்குக் கிடைத்த வெளிச்சம் பக்கத்தில் நின்ற மூவரை மேலும் இருட்டில் தள்ளியது. எல்லாரையும் விட்டுவிட்டால் குறைந்தபட்சம் 'யாரோ' என்று ஒரு கேள்வி மிஞ்சும். ஒருவரை மட்டும் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியும் செத்துப்போகிறது.

டிஸ்னியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மிக்கி மவுஸை உருவாக்கியதற்காக வால்ட் டிஸ்னிக்கு 1932இல் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். முதல் மிக்கி படங்களை அசுர வேகத்தில் வரைந்து தள்ளிய அப் ஐவர்க்ஸ் 1930லேயே அங்கிருந்து விலகிப் போயிருந்தார். 1941இல் டிஸ்னி ஸ்டுடியோ ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி, சங்க உரிமை ஆகியவற்றோடு திரையில் பெயர் வேண்டும் என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று. செல்லுலாய்டு தாளில் கோடு இழுத்து வண்ணம் பூசிய நூற்றுக்கணக்கான பெண்கள் அந்த வரிசையில் கடைசி.

விளையாட்டுக்காரர்கள் இதைவிட நியாயமானவர்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஓட்டத்தில் முதலில் வந்தவன் முதலில் வந்தவன்தான், அங்கே தயாரிப்பாளர் புகுந்து மார்பால் நாடாவை அறுக்க முடியாது. ஆனால் 1966 உலகக் கோப்பைக் கால்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து அணியில் 22 பேர். அக்காலத்து ஃபிஃபா விதிப்படி, இறுதி ஆட்டத்தில் களத்தில் நின்ற 11 பேருக்குத்தான் பதக்கம். ஜிம்மி கிரீவ்ஸ் அப்போது அந்த நாட்டின் பெரிய கோல் வேட்டைக்காரர். பிரான்சுக்கு எதிரான குழு ஆட்டத்தில் கணுக்காலுக்கு மேலே கிழிபட்டுத் தையல் போட்டு உட்கார்ந்தார். அவர் இடத்தில் வந்த ஜெஃப் ஹர்ஸ்ட், இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து வரலாறாகிவிட்டார். கிரீவ்ஸ் பெஞ்சில். பதக்கம் இல்லை.

பிரேசிலின் பெலேவுக்கும் அதே கதி நேர்ந்தது. 1962இல் சிலியில் இரண்டாவது ஆட்டத்திலேயே காயம். இறுதி ஆட்டத்தில் அவர் இல்லை. ஆகவே பதக்கமும் இல்லை. மூன்று உலகக் கோப்பை வென்ற ஒரே ஆள் என்று நாம் எல்லாரும் எழுதிய மனிதர் வீட்டில் நெடுங்காலம் இரண்டு பதக்கம்தான் இருந்தது. 2007இல் ஃபிஃபா யோசித்து, 1930 முதல் 1974 வரை வென்ற அணிகளில் விடுபட்ட எல்லாருக்கும் பதக்கம் என்று முடிவு செய்தது. கிரீவ்ஸ் 2009 ஜூனில் லண்டன் டவுனிங் தெருவில், பிரதமர் கையால் வாங்கினார். நாற்பத்து மூன்று ஆண்டு தாமதம். 2014இல் அதை ஏலத்தில் விற்றுவிட்டார். 44,000 பவுண்டுக்குப் போனது. விற்றதற்காக அவரை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. இருபத்தாறு வயதில் வர வேண்டியது அறுபத்தொன்பதில் வந்தால், மனிதன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எந்தத் தெருவில் நடப்பான்?

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். கிரீவ்ஸுக்குப் பதக்கம் வந்தது ஹர்ஸ்ட் நல்லவர் என்பதால் இல்லை. பயிற்சியாளர் பெரிய மனது பண்ணியதால் இல்லை. விதியை மாற்றி எழுதியதால் வந்தது.

நாம் இதைப் பெரும்பாலும் தலைகீழாகப் பார்க்கிறோம். யாராவது ஒரு நட்சத்திரம் பெருந்தன்மையாக நடந்துகொண்டால் உருகிப்போகிறோம். 2018இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது, பயிற்சியாளர் ராகுல் டிராவிட்டுக்கு 50 லட்சம், ஆட்டக்காரர்களுக்குத் தலா 30 லட்சம், உதவிப் பயிற்சியாளர்கள், உடற்பயிற்சி நிபுணர்கள் முதலானோருக்குத் தலா 20 லட்சம் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. எனக்கு மட்டும் எதற்கு அதிகம் என்று டிராவிட் கேட்டார். கடைசியில் அவருக்கும் 25 லட்சம், மற்ற உதவியாளர்களுக்கும் 25 லட்சம் என்று ஆயிற்று. 2024 ஜூனில் பார்படாஸில் டி20 உலகக் கோப்பை வந்தபோது வாரியம் 125 கோடி அறிவித்தது. அப்போதும் டிராவிட் தன் பங்கை ஐந்து கோடியிலிருந்து இரண்டரைக் கோடியாகக் குறைத்து, மற்றப் பயிற்சியாளர்களுக்குச் சமமாக வாங்கிக்கொண்டார் என்று செய்தி வந்தது. அருமையான மனிதர், சந்தேகமே இல்லை. 2007இல் அதே மேற்கிந்தியத் தீவுகளில் முதல் சுற்றிலேயே வெளியேறிய அணிக்கு அவர்தான் தலைவர். பதினேழு ஆண்டு கழித்து அங்கேயே கோப்பையைக் கையில் கொடுத்தபோது அவர் போட்ட கூச்சலை இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஆனால் நான் டெஸ்க்காரன். கேள்வி கேட்டே பழக்கம். டிராவிட் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? ஐம்பது லட்சத்தை வாங்கிப் பையில் போட்டிருப்பார். யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டோம். 2018இல் அவர் கேட்ட கேள்விக்கு 2024க்குள் வாரியம் ஒரு பொது விதியாகப் பதில் எழுதியிருந்தால், அதே மனிதர் அதே நியாயத்தை இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருந்திருக்காது. நல்லவர் ஒருவர் கிடைத்ததும் அவரைப் புகழ்ந்துவிட்டு, அவரை நல்லவராக இருக்கும்படி கட்டாயப்படுத்திய ஏற்பாட்டை அப்படியே விட்டுவிடுகிறோம்.

விராட் கோலி செய்ததும் அதே வகை. 2023 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 166 ரன் அடித்த கையோடு, வாரியத்தின் கேமரா முன்னால் மூன்று பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார். ரகு, நுவன், தயா. வலையில் சைட்ஆர்ம் கோலால் மணிக்கு 145, 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை எறிந்து பழக்கிவிடுபவர்கள். இவர்கள் பெயரையும் முகத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இதில் நுவன் செனவிரத்ன இலங்கைக்காரர். தன் நாட்டு அணியின் பந்துவீச்சாளர்களை நொறுக்க எதிரணிக்குக் கை பழக்கிவிட்டவர். நல்ல கதைதானே? அன்று அதற்கு எங்கே இடம் கிடைத்தது? விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் பெட்டிச் செய்தியாக வந்திருந்தாலே அதிகம்.

சதுரங்கத்தில் இன்னும் விசித்திரம். அங்கே உதவியாளர்களின் பெயரை மறைப்பதே ஓர் உத்தி. யார் கூட இருக்கிறார் என்று தெரிந்தால் என்ன தொடக்க ஆட்டம் வரும் என்று எதிராளி ஊகித்துவிடுவான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது, அவருடைய பயிற்சியாளர் கஜெவ்ஸ்கி பெயர் மட்டும் வெளியே தெரியும். ஆட்டம் முடிந்த பிறகுதான் மற்றப் பெயர்கள் வந்தன: ஹரிகிருஷ்ணா, வோய்தாஷெக், டுடா, கெய்மர், கிளிம்கோவ்ஸ்கி. இவர்களில் சிலர் குகேஷோடு போட்டிகளில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறவர்கள். ஆனந்த் 2010இல் சோஃபியாவில் டோபலோவை வென்றபோது காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் மூவரும் தனக்கு உதவியதைப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். சென்னையிலிருந்து போன இரண்டு சாம்பியன்களும் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் இருந்திருந்தாலும் எந்த விதியும் அவர்களைக் கேட்டிருக்காது.

சைக்கிள் பந்தயக்காரர்கள் இதில் ஒரு படி மேல். டூர் டி பிரான்ஸ் வென்றவர் பரிசுப் பணத்தைத் தான் வைத்துக்கொள்வதில்லை. அணித் தோழர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது வழக்கம். காற்றைத் தடுத்துக்கொண்டு முன்னால் மிதிப்பவன், தண்ணீர்ப் புட்டி சுமந்து வருபவன் என்று ஒவ்வொருவருக்கும் அங்கே வேலையும் பங்கும் உண்டு. 1934இல் பிரெஞ்சு அணியின் தலைவர் அந்தோனின் மாஞ் மலை இறக்கத்தில் சக்கரம் உடைந்து நின்றபோது, இருபது வயது ரெனே வியெத்தோ தன் முன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டி வரும்வரை ஒரு கல் சுவர்மேல் உட்கார்ந்து அழுதான். மறுநாள் மலையில் திரும்பி மேலே ஏறிவந்து முழு சைக்கிளையும் கொடுத்தான். மாஞ் வென்றார், வியெத்தோ ஐந்தாவது. ஆனால் அந்தச் சுவர் அருகே ஒரு புகைப்படக்காரர் இருந்தார். பிரான்சில் இன்றைக்கும் பலருக்கு ஞாபகம் இருப்பது வென்றவர் முகமா, அழுத பையன் முகமா என்றால், அழுத பையன் முகம்தான்.

தோற்றவர்களுக்குப் பொதுமக்கள் கொடுக்கும் இடம் வேறு கணக்கு. டாம் ஏறக்குறைய எல்லாப் படத்திலும் தோற்கிறது. என் பேத்தி டாம் கட்சி. ரோட் ரன்னரைத் துரத்தும் கயோட்டி 1949 முதல் பாறைக்கு அடியில் நசுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தொடரின் நாயகன் அதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடி, வெண்கலம் 55.41. நூறில் ஒரு பங்கு விநாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணின் பெயரை இந்தியாவில் எத்தனை பேர் சொல்வார்கள்? உஷாவை யாருக்குத் தெரியாது? பதக்கம் இல்லாமலே அவருக்குக் கிடைத்த அன்பு, பதக்கம் வாங்கிய பலருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் பத்மஸ்ரீயும் வந்தது.

அவருடைய பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார். சிறு பெண்ணாக இருந்தபோது அடையாளம் கண்டு, ஓட வைத்து, தடை தாண்ட வைத்தவர். பயிற்சியாளர்களுக்கென்று ஒரு தேசிய விருது 1985இல்தான் உண்டானது. ஆட்டக்காரர்களுக்கான அர்ஜுனா விருதோ 1961லேயே வந்துவிட்டது. முதல் துரோணாச்சார்யா விருதுகளில் ஒன்று நம்பியாருக்கு. (கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய ஆசிரியர் பெயரில் நல்லாசிரியர் விருது வைக்க நம்மால்தான் முடியும். அது தனிக் கட்டுரை.) நம்பியாருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021இல். உஷாவுக்கும் அவருக்கும் நடுவே முப்பத்தாறு ஆண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார். மக்கள் உஷாவைத் தோல்வியிலும் தூக்கிக் கொண்டாடியது மனதுக்கு இதமான விஷயம்தான். அந்த அன்பு நம்பியார் வரை போய்ச் சேராது. தொலைக்காட்சியில் முகம் தெரிந்தவரோடு நின்றுவிடும். முகம் தெரியாதவருக்கு அன்பு போதாது, ஏட்டில் ஒரு விதி வேண்டும்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் மடக்கினார். "எல்லாருக்கும் பதக்கம்னு போனா பதக்கத்துக்கு என்ன மரியாதை இருக்கும்? பந்து பொறுக்கிப் போட்டவன், தண்ணி கொண்டு போனவன் எல்லாரும் உலகச் சாம்பியனா?" என்றார். பாதி நியாயம். ஐம்பதாயிரம் பேர் கூச்சலிடும் அரங்கில் கடைசி ஓவரைப் போடுகிறவன் சுமக்கும் பயத்தை வலையில் பந்து எறிபவர் சுமக்கவில்லை. அதற்கு உரிய கூடுதல் அவனுக்கு வரட்டும். நான் கேட்பது பதக்கம்கூட இல்லை. பெயர். பதக்கத்துக்குத் தங்கம் வேண்டும், பரிசுக்குப் பணம் வேண்டும். பெயருக்கு ஒரு வரி போதும்.

பெயரை யார் படிக்கிறார்கள் என்று கேட்டால், என்னிடம் க்விம்பி இருக்கிறார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் கோடிக்கணக்கான குழந்தைகள் அந்தப் பெயரைப் படித்து மனதில் வைத்திருக்கிறார்கள், காரணமே இல்லாமல். பெரிய எழுத்தில் தனியாகக் காட்டினார்கள், படித்தோம், அவ்வளவுதான். அதே அளவு எழுத்தில் பின்னணி இசைக்கு ஸ்காட் பிராட்லி என்று தனியாக நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்போம். டாம் போடும் அந்தப் பிரசித்தமான அலறல் இயக்குநர் ஹன்னாவின் சொந்தத் தொண்டை என்று எங்காவது போட்டிருந்தால் பள்ளிக்கூடத்தில் அதுவே பேச்சாக இருந்திருக்கும். இப்போது நிலைமை இன்னும் கேவலம். ஓடிடி தளங்களில் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும் முன்பே மூலையில் சுருங்கி, அடுத்தது தொடங்கிவிடுகிறது. க்விம்பிகளுக்கும் அங்கே கதியில்லை என்பது ஒரு வகையில் சமத்துவம்.

எனவே சில காரியங்கள் செய்யலாம். விளையாட்டு வாரியங்களும் மாநில அரசும் பரிசுத் தொகை அறிவிக்கும்போது பயிற்சியாளர், உடலியக்க மருத்துவர், வலையில் எறிபவர் வரை பெயர் போட்டு, பங்கையும் முன்கூட்டியே விதியாக எழுதிவிடலாம். ஆட்டம் முடிந்து யாருடைய பெருந்தன்மைக்காகவும் காத்திருக்க வேண்டாம். கோப்பை வழங்கும் நேரத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் சிமெண்ட் விளம்பரத்துக்கு ஒதுக்கும் பத்து விநாடியில் அந்தப் பெயர்களை ஓடவிடலாம். நம் பத்திரிகைகள் விளிம்பில் நிற்பவரை வெட்டாமல் இருக்கலாம். வெட்டியே ஆக வேண்டுமென்றால் அந்த நான்கு சொல்லைச் சேர்க்கலாம். பள்ளிகளில் கோப்பையை வழக்கம்போலத் தாளாளரே மடியில் வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. படக்குறிப்பில் அவர் பெயருக்கு முன்னால் பி.டி. வாத்தியார் பெயர் வரட்டும்.